ஒற்றைக் குதிரை

ஐந்தாவதோடு நின்றவன் நான். இன்று ஓசூரில் என் லேத் பட்டறையில் இருபது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். நேற்று சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் செஸ் ஆடினார்கள். ஒருவனிடம் ராஜாவும் குதிரையும், மற்றவனிடம் ராஜா மட்டும்.

"குதிரக்காரன்தானே ஜெயிச்சான்?"

"இல்லீங்க மொதலாளி, டிரா. ஒத்தக் குதிரைய வெச்சு மேட் பண்ணவே முடியாது."

சின்ன வயதில் வேப்பனப்பள்ளி வீட்டில் அண்ணனும் நானும், தொலைந்த குதிரைக்குப் பதில் பிசுக்குப் போகாத மாங்கொட்டை வைத்து செஸ் ஆடினோம். "ஒருத்தனத்தான் படிக்க வெக்க முடியும், ஜெயிச்சவன் போகட்டும்" என்றார் அப்பா. கடைசியில் என்னிடம் ராஜா மட்டும், அண்ணனிடம் ராஜாவும் மாங்கொட்டையும் இருந்தன. "உங்கிட்ட ஒண்ணுமில்ல, தோத்துட்டடா" என்றான். ஒத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டு, அன்றைய ஆட்டம் டிராதானாமே என்றேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும்டா. இப்ப என்ன, நீதான மொதலாளி" என்று சிரித்தான்.