போணி நோட்டு

அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஆரணியில் ஒரு பட்டு வியாபாரிக்கு. முள்ளிப்பட்டுப் பக்கத்துத் தறிகளுக்கு நூலும் ஜரிகையும் கொடுத்துச் சேலை நெய்து வாங்கி, டெல்லிக்கும் பம்பாய்க்கும் அனுப்புவார் மாமா. நான் அதே ஊரில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தேன். காசோலையை வாங்கிக்கொண்டு பித்தளை டோக்கனைக் கொடுப்பதும், மூன்று மேஜைகளில் மூன்று கையெழுத்து விழுந்த பிறகு டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதும் என் வேலை. பணம் என்பது அப்படித்தான் நகரும் என்று நம்பியிருந்தேன்.

மாமாவுக்குச் சீட்டாட்டம் பிடிக்கும். ஆனால் ஆரணியில் ஒருநாளும் சீட்டைத் தொட்டவரில்லை. "ஊர்ல உக்காந்து ஆடினா நாளைக்குத் தறிக்காரன் நம்ம மூஞ்சப் பாத்து இன்னா நினைப்பான்?" என்பார். கல்யாணம் இல்லாத மார்கழியில், வியாபாரம் படுத்திருக்கும்போது, வருடத்துக்கு ஒரு முறை காட்மாண்டு போய் வருவார். அங்கே ஹோட்டல்களுக்குள்ளேயே கேசினோ இருந்தது. கடவுச்சீட்டு வேண்டாம், நம் ரூபாயிலேயே ஆடலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் என்னையும் கூட அனுப்பினாள் அக்கா. நான் போபாலில் மூன்று வருடம் வேலை பார்த்தவன், இந்தி பேசுவேன் என்பது அவள் சொன்ன காரணம். கிளம்பும்போது மாமாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "மொதல்ல பசுபதிநாதரப் பாத்துட்டு, அப்புறம் எங்கனா போங்க." கேசினோ என்ற வார்த்தையை அவளும் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை.

ரயிலில் டெல்லி, அங்கிருந்து விமானம் என்று ஏற்பாடு. சென்னையில் ரயில் ஏறுவதற்கு முன் மாமா சௌகார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனார். நான் வெளியே பெட்டிகளோடு நின்றேன். கையில் ஒரு மஞ்சள் பையோடு உள்ளே போனவர் வெறுங்கையோடு வந்தார். வந்தவர் ஒரு பத்து ரூபாய் நோட்டை என்னிடம் நீட்டினார். பழைய நோட்டு, ஓரத்தில் எண்ணெய்க் கறை.

"மச்சான், நீ பேங்குக்காரன். இத்த பத்திரமா வச்சிக்க. என்கிட்ட இருந்தா வெத்தல பாக்குக்குக் குடுத்துடுவேன்."

"பத்து ரூபாய்க்கு இவ்ளோ பத்திரமா மாமா?"

"அங்க போய் சொல்றேன். நீ வை."

முன்னொரு தடவை பம்பாயிலிருந்து திரும்பும்போது ரயிலில் வசூல் பணம் முழுவதையும் தலைமாட்டிலிருந்தே யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து மாமா வழிச்செலவுக்கு மேல் கையில் வைத்துக்கொள்வதில்லை. அது எனக்குத் தெரியும். பிறகு எப்படி அங்கே ஆடப்போகிறார் என்று மட்டும் யோசிக்கவில்லை. நோட்டை பர்ஸின் உள்மடிப்பில் செருகிக்கொண்டேன்.

நான் முதன்முதலாக விமானம் ஏறியது அப்போதுதான். ஜன்னலுக்கு வெளியே பனிமலைகள் வரிசையாக வந்து நின்றபோது என் வாய் தானாகத் திறந்துகொண்டது. மாமா குரங்குக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் அக்காவின் சொல்படி கோயிலுக்குப் போனோம். வாசலில் பூக்காரர்கள் அப்போதுதான் கடை விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நடுவயதுப் பெண் பலகையின் மேல் செண்டுமல்லிச் சரங்களை அடுக்கி வைத்திருந்தாள். இரண்டு சரம் கேட்டேன். நூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்றாள். பர்ஸைத் துழாவினேன். மாமா பின்னால் செருப்பை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். உள்மடிப்பில் பத்து ரூபாய் இருந்தது. பூ பத்து ரூபாய். கொடுத்துவிட்டேன்.

பத்து ரூபாய் என்றால் எந்தப் பத்து ரூபாயும் ஒன்றுதானே. பதினைந்து வருடம் கவுன்டரில் பழகிய கை அப்படித்தான் நினைத்தது. ஒன்றைக் கொடுத்தால் வேறொன்றை எடுத்து உள்மடிப்பில் வைத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டே சாமி கும்பிட்டேன்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்ததும் மாமா கேட்டார். "அந்த நோட்ட எடு. இனிமே கடைக்குப் போலாம்."

"அது பூவுக்குக் குடுத்துட்டேன் மாமா. வேற தரேன்."

மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்து, என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். சென்னையில் கொடுத்த பணத்துக்கு ரசீது கிடையாது. அந்தக் கடைக்காரர் தன் கல்லாவிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, அதன் எண்ணை இங்கே ஒரு துணிக்கடைக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அந்த எண் உள்ள நோட்டை யார் நீட்டுகிறார்களோ அவருக்குப் பணம். நீட்டாவிட்டால் இல்லை. சட்டத்துக்கு உட்பட்ட காரியம் இல்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு அது தோன்றவில்லை. மூன்று நாட்களாக என் பர்ஸில் ஒரு வீட்டின் விலை இருந்திருக்கிறது, அதை நான் இரண்டு சரம் பூவுக்குக் கொடுத்திருக்கிறேன் என்பதுதான் தோன்றியது.

பூக்காரியிடம் ஓடினோம். நோட்டு செலவாகியிருக்கவில்லை. பலகையின் தலைப்பக்கத்தில் ஒரு சின்ன பித்தளைப் பிள்ளையார். அவர் காலடியில் மடித்து, மேலே ஒரு பூவை வைத்திருந்தாள். எண்ணெய்க் கறை தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. வேறு பத்து ரூபாயை நீட்டி, அதைக் கொடுத்துவிடும்படி இந்தியில் கேட்டேன்.

முடியாது என்றாள்.

நூறு ரூபாய் தருகிறேன் என்றேன். அவள் முகம் சிறுத்துவிட்டது. ஏதோ சொன்னாள். அதில் ஒரு வார்த்தை எனக்கு முன்னால் மாமாவுக்குப் புரிந்துவிட்டது.

"போணியா? போணின்னா சொல்லுது?"

ஆமாம், அந்த வார்த்தைதான். எங்கள் கடைவீதியில் புழங்கும் அதே வார்த்தை. நாங்கள்தான் அன்றைக்கு அவளுடைய முதல் வியாபாரம். முதல் காசைக் கையைவிட்டு விட்டால் அன்றைய வியாபாரம் கூடவே போய்விடும், கடை கட்டின பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

நான் விடவில்லை. அப்படியானால் இருக்கிற பூ எல்லாவற்றையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம், இப்போதே கடையைக் கட்டிவிடு என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "தினமும் என்னிடம் வாங்குகிறவர்கள் வருவார்களே, அவர்கள் எதை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள்?" என்று கேட்டாள்.

மாமா என் தோளைப் பிடித்து இழுத்தார். "உடு மச்சான். போணி நோட்டக் கேக்கறது தப்பு. எவனாவது வந்து காலைல என் கல்லாலேர்ந்து கேட்டா நான் குடுப்பனா?"

"நம்ம பணம் மாமா."

"அது எங்க போவுது, எதிர்லதான கீது. உக்காரு."

உட்கார்ந்தோம். இரண்டே இரண்டு பேர் நாள் முழுக்க ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இப்போது யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்று அடித்தபோதெல்லாம் எழுந்து நின்றேன். ஒரு மாடு பலகைப் பக்கம் தலையை நீட்டியபோது மாமாவே எழுந்து போய் விரட்டினார்.

பதினொரு மணிவாக்கில் குளிர் கொஞ்சம் விட்டது. மாமாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பலகைக்குப் பின்னால் உதிரிப் பூ ஒரு கூடை நிறைய இருந்தது. அவள் விற்பதா, கட்டுவதா என்று திணறிக்கொண்டிருந்தாள். மாமா அவளைப் பார்த்துக் கூடையைக் காட்டினார். அவள் ஊசியும் நூலும் கொடுத்தாள். சின்ன வயதில் தறியில் உட்கார்ந்து அறுந்த இழைகளை முடிச்சுப் போட்ட விரல்கள் அவை. கால் மணி நேரத்தில் அவளைவிட வேகமாகக் கோக்க ஆரம்பித்துவிட்டார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "உங்கள் ஆள் என்ன தொழில்?" என்று கேட்டாள். பட்டு என்றேன். "அதனால்தான்" என்றாள்.

மதியம் மூன்றரைக்கே கூடை காலி. அவள் பலகையைக் கழுவினாள். பிள்ளையாரைத் துணியில் சுற்றினாள். நோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் மாமாவிடம் நீட்டினாள். என்னிடமிருந்து வேறொரு பத்து ரூபாயை வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

"அப்படி என்ன இதில் இருக்கிறது?" என்று கேட்டாள்.

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. இவர் சூதாட வந்திருக்கிறார், இதைக் காட்டினால்தான் பணம் வரும் என்றேன். அவள் நம்பினாளோ இல்லையோ, நன்றாகச் சிரித்தாள். "என் கை ராசியான கை. அதுவும் கூடப் போகட்டும்."

துணிக்கடை பழைய கடைவீதியில் ஒரு சந்துக்குள் இருந்தது. மெத்தையில் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் கம்பளிப் போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மாமா நோட்டை வைத்தார். அவர் நாட்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாளை எடுத்து எண்ணை ஒப்பிட்டார். பெயர் கேட்கவில்லை. எங்கிருந்து வருகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. நோட்டைக் கல்லாவுக்குள் போட்டுவிட்டு, "ஹோட்டலுக்குப் போங்கள், அங்கே இருக்கும்" என்றார். அவ்வளவுதான்.

"கையெழுத்து?" என்று நான் கேட்டேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை.

ஹோட்டல் கேசினோவுக்கு வந்தபோது, பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் சில்லுகள் ஒரு தட்டில் அடுக்கித் தயாராக இருந்தன. சிவப்பும் நீலமுமாக, குழந்தைகள் விளையாடும் பொருள்போல. மாமா எண்ணாமல் வாங்கிக்கொண்டார். சௌகார்பேட்டையில் உள்ளே போன மஞ்சள் பை, மலையையெல்லாம் தாண்டி, ஒரு ரூபாய்கூட இடம் நகராமல் இங்கே வந்து சேர்ந்திருந்தது. எங்கள் வங்கியில் பக்கத்து ஊர் கிளைக்கு வரைவோலை அனுப்பினால் நான்கு நாள் ஆகும். நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பயமும் இருந்தது, மரியாதையும் இருந்தது. முன்பின் தெரியாத மூன்று பேர் ஒரு எண்ணை நம்பியிருக்கிறார்கள், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதைவிட அந்தப் பூக்காரி. நூறு ரூபாயைத் தள்ளிவிட்டுப் பத்து ரூபாயைக் காவல் காத்தவள்.

மாமா மூன்று நாள் ஆடினார். பாதிக்கு மேல் தோற்றார். பூக்காரியை நான் நினைவுபடுத்தியபோது, "அந்தம்மா ராசி வியாபாரத்துக்கு மச்சான். சூதுக்குக் கேக்கலாமா?" என்றார். மிச்சமிருந்ததைக் கவுன்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏறினோம். ஒரு வாரத்தில் அந்தப் பணம் சௌகார்பேட்டைக் கடையில் கிடைத்தது.

அடுத்து நான் அவரோடு போனது பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, கோவாவுக்கு. அங்கே ஆற்றில் கப்பல் நிறுத்தி ஆடுகிறார்கள். இப்போது நோட்டும் இல்லை, எண்ணும் இல்லை. அக்கா பையன் வங்கியில் வாங்கிக் கொடுத்த அட்டை ஒன்று மாமாவின் சட்டைப் பையில் இருந்தது. கப்பல் கவுன்டரில் அதைத் தேய்த்தார்கள், மாமா கையெழுத்துப் போட்டார், சில்லு வந்தது. "இவ்ளோதானா?" என்றார் மாமா. ஒரு வித்தையைப் பார்த்ததுபோல அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

காட்மாண்டுவில் கொண்டுபோனது தீர்ந்தால் எழுந்துவிடுவார். இங்கே தீரவே இல்லை. தோற்றதும் மறுபடி கவுன்டருக்குப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி போனார். நான் சொல்லிப் பார்த்தேன், காதில் விழவில்லை.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். என் செல்போன் அடித்தது. அக்கா.

"ஏண்டா, மாமா எங்க?"

"பக்கத்துலதான்க்கா. இன்னா விஷயம்?"

"என் போன்ல மெசேஜ் வந்துகினே கீது. இது மூணாவது. கப்பல்ல ஓட்ட கீட்ட விழுந்துடுச்சா, பணம் தண்ணி மாதிரி போவுது?"

கணக்கு இருவர் பேரிலும் இருந்தது. மாமாவிடம் அப்போது செல்போன் இல்லாததால் பையன் அக்காவின் எண்ணைக் கொடுத்திருக்கிறான். அட்டையைத் தேய்த்த மறுநிமிடம் ஆரணியில் சமையலறையில் மணி அடித்திருக்கிறது.

மாமாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் கையிலிருந்த சில்லை மேஜையில் வைத்துவிட்டார்.

"ஆரணி எங்க கீது, இது எங்க கீது. அதுக்குள்ள அவளுக்குப் போய்டுச்சா?"

"போய்டுச்சு மாமா."

"இப்பவேவா?"

"இப்பவே."

கரைக்குப் போகும் படகு கிளம்பிக்கொண்டிருந்தது. மாமா எழுந்து வந்து அதில் ஏறிக்கொண்டார். என் போனை வாங்கி, ஜரிகையைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "காட்மாண்டுலயாவது கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு நோட்டு இருந்துச்சு. இதுல எங்க கீது மச்சான் பணம்?" என்றார். வங்கியில் கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டவன் நான். போனை வாங்கி நானும் ஒருமுறை சாய்த்துப் பார்த்தேன். ஆற்றின் மேல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன.

அதோடு அவர் ஆட்டத்தை விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அதன் பிறகும் இரண்டு தடவை கோவா போனார். ஆனால் அட்டையை அக்காவின் பீரோவில் வைத்துவிட்டு, அவள் எடுத்துக் கொடுத்ததை மட்டும் வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு ரயில் ஏறினார். பழைய பம்பாய் ரயில் ஞாபகத்தில் வழியெல்லாம் தூங்காமல் விழித்துக்கொண்டே போனதாகச் சொன்னார்.