நங்கையா சொன்ன சம்மதம்

டாக்டர் அறையிலிருந்து நங்கையா வெளியே வந்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஒரே வழிதான் கண்ணு. முழுசா எடுத்தாத்தான் உசுரு தங்குமாம்" என்றார். நான் தலையாட்டினேன்.

நங்கையா என் கணவரின் அக்கா. மாமியார் இல்லாத எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் நிற்பார். பெரிய நோவு என்றால் நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு மூத்தவர்கள் உள்ளே போய்ப் பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம், கேட்டால் பயந்துவிடுவோமாம். மார்பு என்னுடையது, நோவு என்னுடையது, வெளியே உட்கார்ந்திருந்ததும் நான்தான். அவர் சொன்னதை நம்பிக் கையெழுத்தும் போட்டேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துக்கொண்டதை மறைக்க மாட்டேன். தலை வாரிவிட்டார், சோறு ஊட்டினார். தையல் போட்ட இடத்தைப் பார்க்க என் கணவரே தயங்கியபோது இவர்தான் துடைத்துவிட்டார். பெற்ற தாய்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று நானே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

பிறகு ஒருமுறை டாக்டரிடம் தனியாகப் போனேன். "வேற வழியே இல்லாமப் போச்சுங்களா?" என்று சும்மாதான் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "சின்னக் கட்டிதானேம்மா. அதை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன், அதான் கரண்ட், வச்சுக்கலாம்னு அன்னைக்கே சொன்னேனே. முழுசா எடுத்தாத்தான் உங்களுக்கு நிம்மதின்னு உங்க வீட்டுல சொன்னாங்களே?"

நான் அருள்புரத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். ஓரிடத்தில் தையல் விட்டிருந்தால் அந்தப் பீஸை ஆல்டருக்கு அனுப்புவோம், சரிசெய்து வாங்குவோம். ஒரு பனியனுக்குக் கிடைக்கிற யோசனைகூட எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று மாலை நங்கையா வீட்டுக்கு வந்தபோது நேராகவே கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "கரண்டு வெக்கத் தெனமும் கோயமுத்தூரு போகோணுமாம். தம்பி வேலைய உட்டுப்போட்டு வருவானா? ரெண்டு புள்ளைகளும் பால்குடி மறந்து எத்தன காலமாச்சு. இனி அது எதுக்கு கண்ணு உனக்கு?" என்றார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

போன மாதம் உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் நங்கையா. எதிர்வரிசைச் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னார்: "எங்க ஊட்டுப் புள்ளைக்கு எத்தன தைரியங்கறீங்க! முழுசா எடுத்துப்போடுங்கன்னு அவளேதான் சொன்னா."

"இல்லீங்க நங்கையா. என்னைய ஒருத்தருமே கேக்கலீங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

நங்கையா என் முகத்தைப் பார்க்கவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "புள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வெய்யுங்க" என்றார்.

"எனக்கு வேண்டாங்க" என்று இலைமேல் கையை விரித்தேன்.