வாத்துக்குக் கொடுக்காத துப்பாக்கி

எனக்குத் துப்பாக்கி உரிமம் கிடைத்தபோது பாகலூர் பக்கத்தில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்? ராகிக்கு எதற்கு வேலி என்று யாராவது கேட்கிறார்களா? கணவர் போன பிறகு ஏரியை ஒட்டிய ராகிக் காட்டை நான்தான் பார்க்கிறேன். பகலில் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் வேலை. என் ஷிப்ட் நேரம் காட்டுப்பன்றிகளுக்கு மனப்பாடம் போலிருக்கிறது. கதிர் முற்றும் மாதத்தில் விடிகாலையில் நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வந்து மேய்ந்துவிட்டுப் போய்விடும். வெடி போட்டேன், பழகிக்கொண்டன. பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டினேன், கிழித்துப் போட்டன. அதன் பிறகுதான் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று மனுப் போட்டேன். சுடுவதற்கில்லை, மேலே பார்த்து ஒரு சத்தம் கொடுக்க.

பெங்களூரில் துப்பாக்கிக் கடைக்காரர் முதலில் ஒரு வெளிநாட்டுப் படப் புத்தகத்தை விரித்தார். செமி ஆட்டோமேட்டிக். "அங்கெல்லாம் சதுப்புல உக்காந்து வாத்து சுடறவங்க இதைத்தான் மேடம் வச்சிருக்காங்க. ஒண்ணு சுட்டா அடுத்த தோட்டா தானா ஏறிக்கும்" என்றார். என் உரிமத்துக்கு அது கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் காட்டுவார்கள், கடைக்காரர்கள் அப்படித்தான். தானாக எப்படி ஏறும் என்று கேட்டேன். வெடித்த புகையே உள்ளே ஒரு தண்டைத் தள்ளும் என்றார். அப்படியானால் கரி உள்ளேயே படியும். சேறும் தண்ணீரும் சேர்ந்தால், கழற்றித் துடைக்காத அன்று மூன்றாவது தோட்டா சிக்கிக்கொள்ளும். அதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "ஆமா மேடம், தொடச்சிக்கிட்டேதான் இருக்கணும்."

எனக்கு வேலை இருக்கிறது. இரட்டைக்குழல் போதும், மடக்கித் திறந்தால் இருப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நமக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, கண்ணை மூடி, தோளில் பொருத்தி, கண்ணைத் திறந்தால் பார்வை குழலின் நடுமுதுகில் நேராக ஓட வேண்டும். இரண்டு துப்பாக்கிகளில் தோளில் வைக்கும் கட்டை எனக்கு நீளம். மூன்றாவது சட்டை தைத்தது மாதிரி பொருந்தியது. அதை எடுத்துக்கொண்டேன்.

சுட்ட அன்றே குழலுக்குள் பிரஷ் விட்டு, துணி வெள்ளையாக வரும்வரை இழுத்து, பெயருக்கு ஒரு பூச்சு எண்ணெய் தடவுவேன். இதில் என்னைக் குறை சொல்ல ஆள் கிடையாது என்று எனக்குள் ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

குளிர் மாதங்களில் ஏரி முழுக்க வாத்துகள் வந்து இறங்கும். பக்கத்துக் காடு என் கொழுந்தனாருடையது. பெங்களூர் கட்டட கான்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை பார்க்கிறார். ஒருநாள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணி, ஒரே ஒரு காலைக்குத் துப்பாக்கியக் குடுங்க. எங்க சார் வர்றாரு. ரெண்டு வாத்து, அவ்ளோதான்."

"பறவையச் சுட்டா உள்ள வச்சிருவாங்க தம்பி. அடுத்தவங்க கையில குடுத்தா நானும் உள்ளதான்."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

அவர் முகம் சுண்டிவிட்டது. "உரிமத்தைப் புதுப்பிக்கறப்ப பன்னி வருதுன்னு பக்கத்துக் காட்டுக்காரன் சொல்லணும்ல? அப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னது உண்மைதான். பக்கத்துக் காட்டுக்காரர் பன்றித் தொல்லையே இல்லை என்று சொல்லிவிட்டால் என் உரிமம் போச்சு. துப்பாக்கி ஸ்டேஷனில் தூங்கும், ராகி பன்றி வயிற்றுக்குள் போகும். ஆனாலும் கொடுக்க மாட்டேன்.

அதற்குள் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் உரிமத் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மாதக்கணக்கில் அந்த ஈர அறையில் கிடக்குமே என்று, கம்பெனியில் கருவிகளை அடுக்கி வைக்கும்போது பூசுகிற கெட்டியான துருத்தடுப்பு எண்ணெயை உள்ளே வெளியே ஒரு இடம் விடாமல் அப்பிக் கொடுத்தேன். இரும்பைக் கண்டால் எண்ணெய் பூசாமல் விடமாட்டோம், எங்கள் பிழைப்பு அப்படி.

தேர்தல் முடிந்து, துப்பாக்கியைத் திரும்ப வாங்கவும் உரிமத்தைப் புதுப்பிக்கும் சோதனைக்குமாக ஸ்டேஷனுக்குப் போனேன். கொழுந்தனாரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆயுதங்களைச் சோதிக்கும் ஏட்டு, சுட்டு முடித்த காலித் தோட்டாக் கூடுகள் இரண்டைக் குழல்களில் போட்டு இரண்டு விசையையும் இழுத்தார். பிறகு கூடுகளை எடுத்துப் பார்த்தார். வலதில் துப்பாக்கியின் சுடும் ஊசி புதிதாகக் குத்திய தடம் இருந்தது. இடதில் இல்லை.

"எடது பக்கம் வேலை செய்யலைம்மா" என்றார்.

"அவங்களுக்கு இதெல்லாம் வராது சார். வாங்கி உள்ள வச்சிருங்க" என்றார் கொழுந்தனார்.

தப்பு என்னுடையது என்று உடனே தெரிந்துவிட்டது. நான் அப்பிய எண்ணெய் உள்ளே பிசினாக இறுகி ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"அரை மணி நேரம் குடுங்க சார். இங்கயே, உங்க கண்ணு முன்னாலயே சரி பண்றேன்."

ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பண்ணும்மா, பாப்போம்" என்றார்.

வெளியே புங்க மரத்தடியில் என் பழைய மொபெட்டின் குழாயைக் கழற்றி, தண்ணீர் பாட்டில் மூடியில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்தேன். பையில் கம்பெனி ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் இருக்கும். துப்பாக்கியின் அடித் தகட்டைக் கழற்றி, பெட்ரோல் விட்டு, அசைத்து, என் துப்பட்டா முனையாலேயே துடைத்தேன். பழுப்பாகப் பசை பசையாக வந்தது. என்னை நானே திட்டிக்கொண்டேன், சத்தமாகவே. திரும்ப மாட்டிக் கொடுத்தேன். ஏட்டு வேறு இரண்டு காலிக் கூடுகளைப் போட்டு இழுத்தார். இரண்டிலும் நடுவில் பளிச்சென்று புதுக் குழி.

"சரி. பக்கத்துக் காட்டுக்காரர் நீங்கதானே? பன்னி வருதா?"

கொழுந்தனார் கூரையைப் பார்த்தார். "அப்படி ஒண்ணும் பெரிசா இல்லைங்க."

"அவரு மொதலாளிக்கு என் துப்பாக்கியில வாத்து சுடணும் சார், நான் குடுக்கல. அதான் பன்னி வரலை" என்றேன். "போன வருசம் பன்னி மேஞ்சிருச்சுன்னு நஷ்டஈடு கேட்டு வனத்துறைக்கு மனுக் குடுத்தாரே, அதைக் கேளுங்க. அந்த மனுவ எழுதிக் குடுத்ததே நான்தான்."

ஏட்டு பேனாவை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினார். "வருதா, வரலையா?"

"வருதுங்க" என்றார் கொழுந்தனார். கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். நான் மொபெட் குழாயை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தை மாதம் ஒருநாள் விடிகிற நேரம் போன் அடித்தது. "அண்ணி, எங்க காட்டுல பன்னிங்க. ஏழெட்டு இருக்கும். துப்பாக்கிய எடுத்துட்டு வாங்க, சீக்கிரம்."

போகாமல் இருந்திருக்கலாம். ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தேன், மறைப்பானேன். ஆனால் அதுவும் ஒரு வீட்டுச் சோற்றுக்கான ராகி. ஓடினேன். வரப்பில் நின்று வானத்தைப் பார்த்து இடது குழலில் ஒன்று விட்டேன். பன்றிகள் பிய்த்துக்கொண்டு ஓடின. சத்தத்துக்கு ஏரி வாத்துகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி எங்கள் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டன. கொழுந்தனார் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் துப்பாக்கியை மடக்கி, புகைகிற கூட்டை எடுத்துப் பையில் போட்டேன்.

"எண்ணிக்கோங்க தம்பி" என்றேன். "ஒண்ணும் குறையல."