சுவரைத் தாண்டிப் போன மண்

“...அப்போ சொவத்துக்கு உள்ள கெடந்தா வெசம், வெளிய வந்துட்டா வெறும் மண்ணு. அப்படித்தான சார் சொல்லுதீய?”

போன வருஷம் ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை. கல்யாண மண்டபத்து மேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் இடத்தில் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே இடுப்பில் பிள்ளையோடு நின்று இப்படிக் கேட்டவர் என் பக்கத்து வீட்டு அக்கா. கடையநல்லூரில் பிறந்து இலத்தூருக்கு வாக்கப்பட்டு வந்தவர். வீட்டுக்காரர் சவுதியில் வண்டி ஓட்டுகிறார். நான் அதே தெருவில் ஜாக்கெட் தைக்கிறவள். வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே மிஷின் மிதித்ததுதான் என் படிப்பெல்லாம்.

விஷயம் இதுதான். எங்கள் தெருக் கோடியில் ஒரு கம்பெனியின் காம்பவுண்டு உண்டு. கடற்கரை மணலில் தாதுவைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற கறுத்த மண்ணை லாரியில் கொண்டுவந்து அதற்குள் கொட்டுவார்கள். எங்கள் தெரு பள்ளம். மழை பெய்தால் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். அதைப் பார்த்த கம்பெனி மேனேஜர், “எங்க செலவுலயே நிரப்பித் தாரோம்” என்று அந்த மண்ணை எங்கள் முற்றங்களில் தட்டிவிட்டுப் போனார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மகராசன், காசு வாங்காமல் மண் அடித்துத் தந்தாரே என்று கோவில் கொடை விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

அப்புறம் கம்பெனியைப் பூட்டினார்கள். மேனேஜர் போன இடம் தெரியவில்லை. ஒரு நாள் கையில் கருவியோடு சர்க்கார் ஆட்கள் சிலர் வந்து காம்பவுண்டைச் சுற்றினார்கள். மண்ணில் கதிர்வீச்சு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் முற்றத்திலும் அந்தக் கருவி கத்தத்தான் செய்தது. அக்காவின் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். அன்றிலிருந்து அக்கா அவளை வாசலில் இறக்கிவிடுவதே இல்லை. ஓடித் திரிய வேண்டிய பிள்ளை, தன் வீட்டு முற்றத்தில் கால் வைக்க வழியில்லாமல் இடுப்பிலேயே வளர்ந்தாள்.

அந்த இடத்தைச் சுத்தம் செய்யச் சர்க்காரில் விதி வகுக்கப் போகிறார்கள், எவ்வளவு மண்ணை அள்ள வேண்டும், எவ்வளவு மிச்சம் விடலாம் என்று மக்களிடமும் கருத்துக் கேட்பார்கள் என்றதும் நாங்கள் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷம் இடத்தையும் நேரத்தையும் கேட்கிற வரைக்கும்தான். கூட்டம் இலத்தூரில் இல்லை. சீசன் கூட்டத்தில் பஸ்ஸில் தொங்கக்கூட இடம் கிடைக்காத குற்றாலத்தில். அதுவும் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு, எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் ஜும்மா தொழுகையில் நிற்கும் நேரத்தில். கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று முன்னாலேயே போய்க் கேட்டோம். “மண்டபம் ரெண்டு மணி வரைக்கும்தாம்மா. அதுக்கப்புறம் ஒரு நிச்சயதார்த்தம் இருக்கு” என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அடங்காத மண்ணைப் பற்றிப் பேச, எங்களுக்குக் கிடைத்தது ஒரு நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மிஞ்சின நேரம்.

மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. நாங்கள் சில பெண்கள், வயசாளிகள், பிறகு அருவியில் குளித்துவிட்டு மழைக்கு ஒதுங்கின ஆட்கள். ஒரு அதிகாரி திரையில் படம் காட்டி இங்கிலீஷில் வாசித்தார். கடைசியில் தமிழில் சொன்னது இவ்வளவுதான். காம்பவுண்டுக்குள் யாரும் குடியிருக்கப் போவதில்லை, அதனால் மேலே நல்ல மண் பரப்பி வேலி போட்டால் போதும். எங்கள் முற்றத்து மண்? அது சுவருக்கு வெளியே இருப்பதால் இந்த விதியில் வராது.

அதற்குத்தான் அக்கா அப்படிக் கேட்டார்.

“உணர்ச்சிவசப்படாதீங்கம்மா” என்றார் அதிகாரி.

“உணர்ச்சி இல்ல சார், சந்தேகம். லாரி எங்கன போச்சுன்னு கம்பெனிக்காரனுக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும். சொவத்தத் தாண்டிட்டோம், இனி சும்மா கெடப்போம்னு அந்த மண்ணுக்குத் தெரியுமா?”

“நல்லாப் பேசறீங்கம்மா” என்று அவர் சிரித்தார். சிரித்தாரே தவிர, அக்கா சொன்னதை ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை. “வேற யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?” என்று காலி நாற்காலிகளைப் பார்த்துக் கேட்டார். நான் எழுந்து, “எங்க தெரு ஆளுவ தொழுகை முடிச்சிட்டு வேன்ல வாராவ சார். இலஞ்சி தாண்டிட்டாவளாம், செத்த பொறுங்க” என்றேன். அவர் மைக்கில், ஆட்சேபணை எதுவும் இல்லை, கூட்டம் இனிதே நிறைவுற்றது என்றார். இரண்டு மணி ஆக இன்னும் நேரம் கிடந்தது. பின்னால் சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டிருந்தார்கள். அதிகாரிகள் எல்லோரும் எழுந்து போனார்கள்.

அக்கா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று மேடைக்கு ஏறினார். கூட்டத்தைப் படம் எடுக்க அவர்கள் கூட்டி வந்திருந்த வீடியோக்காரர் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தார். தென்காசியில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவர்.

“அண்ணாச்சி, அதுக்குள்ள மூட்டையக் கட்டுதீயளே. ரெண்டு மணி வரைக்கும்னுதான பேச்சு?”

“கூட்டம் முடிஞ்சு போச்சே தாயி.”

“சாப்பிடப் போனவுகளுக்கு முடிஞ்சிட்டு. நமக்கு எங்கன முடிஞ்சுது?”

அவர் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஸ்டாண்டைப் பழையபடி விரித்து வைத்தார்.

அந்த விதி இன்னும் முடிவாகவில்லை என்கிறார்கள். முற்றத்து மண்ணும் அப்படியேதான் கிடக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் யாராவது ‘மக்களிடம் கேட்டுத்தான் செய்தோம்’ என்று சொன்னால், எந்த மக்களிடம், எந்த நேரத்தில் என்று என் வாய் தானாகக் கேட்டுவிடுகிறது. அதற்குக் காரணம் அன்று அதற்கப்புறம் மண்டபத்தில் நான் பார்த்ததுதான். வாசலில் வேன் வந்து நின்று, சாரலில் நனைந்த தொப்பிகளோடு எங்கள் தெரு ஆண்கள் உள்ளே வந்தார்கள். அக்கா ஸ்பீக்கர் பெட்டியைச் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு மைக்கைக் கையில் எடுத்து, முதலில் வந்தவரிடம் நீட்டினார்.