கோபர் கேஸ் அடுப்பும் கஸ்தூரி வீட்டுக் கடனும்

சாணி கரைத்த கையோடு அதே வீட்டில் சாப்பிட உட்காரத் தெரிந்தவன்தான் கோபர் கேஸ் என்கிற சாண எரிவாயுத் தொட்டி கட்டும் மேஸ்திரி வேலைக்கு லாயக்கு. கழுவிவிட்டுத்தான், பயப்படாதீர்கள். 1991-ல் சேரப்பணஞ்சேரிப் பக்கம் வீடு வீடாகத் தொட்டி கட்டிக்கொண்டிருந்தேன். விறகுக் கடையில் பாக்கி, மளிகையில் பாக்கி என்று மாதம் தவறாமல் துண்டு விழுகிற நம்ம கட்சிக்காரர்களே, இது உங்களுக்குத்தான்.

மிச்சம் பிடித்த வாயு

அதில் ஒரு வீடு கஸ்தூரியுடையது. அவள் புருஷன் ஏழுமலைக்கு மறைமலை நகரில் கம்பெனி வேலை. நாத்தனார் கல்யாணத்துக்கு எதிர்வீட்டுக் குப்புசாமியிடம் இரண்டு மாட்டையும் ஈடாக எழுதிக்கொடுத்துக் கடன் வாங்கியிருந்தார்கள். விறகுச் செலவு நின்றால் அதை அடைத்துவிடலாம் என்றுதான் கஸ்தூரி என்னைத் தொட்டி கட்டச் சொன்னாள். தொட்டிமேல் கவிழ்த்த இரும்பு டிரம், வாயு சேரச் சேர மேலே எழும்பும். நிறைந்தபின் வருவதெல்லாம் ஓரமாகக் குமிழி விட்டு வீணாகும்.

சில நாள் கழித்துப் போனால் டிரம் உச்சியில் நிற்கிறது, ஓரமெல்லாம் குமிழி. அவளோ சுள்ளி வைத்து ஊதிக்கொண்டு கண்ணைக் கசக்குகிறாள். எனக்கு வந்ததே கோபம்! தினம் எரித்தால்தான் லாபம், இதை உண்டியலில் போட முடியாது என்று கத்தினேன். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"நாத்தனா புருஷன் வராருண்ணா. அவரு வந்தா எரிக்கலாம்னு சேத்து வச்சிகினு கீறேன்."

கேரியரில் பக்கெட்

ஏழுமலை இன்னும் ஒரு படி மேலே. ஷிப்டும் ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலையும் முடிந்து சைக்கிளில் வரும்போது, சாணம் கண்ட இடத்தில் இறங்கி அள்ளிக்கொள்வான். உடம்பில் காக்கி யூனிபாரம், கேரியரில் பக்கெட். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்யவில்லையா என்று கேட்டேன்.

"சூப்பர்வைசரே பாத்துட்டாருண்ணா. 'இன்னாடா இது'ன்னாரு. 'வூட்டு ஓ.டி. சார்'னுட்டேன்."

ராஜம்மாவின் கூடை

கம்பெனியில் ஓ.டி. நின்றுபோனது. தவணை தவறியது. குப்புசாமி வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். டிரம்முக்குத் தார் பெயின்ட் அடிக்கப் போன நான், அது தரையோடு அமுங்கிக் கிடப்பதைப் பார்த்தேன்; ஏழுமலையின் பக்கெட் சாணம் மட்டும் போதவில்லை. மறுபடி விறகு, மறுபடி கடைப் பாக்கி. இனி மாட்டை மீட்கிற பேச்சே இல்லை என்று கஸ்தூரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குப்புசாமியை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று தெருவில் இறங்கினால், எதிரே அவர் மனைவி ராஜம்மா வருகிறாள், தலையில் கூடை நிறையச் சாணம். நேரே போய்க் கஸ்தூரியின் தொட்டியில் கொட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமாம்மா?" என்றேன். கூடையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"அவரு மாட்டைத்தான எழுதி வாங்கினாரு? சாணியை எழுதி வாங்கலியே! தெனம் கொண்டாந்து கொட்டுவேன், போண்ணா."

மாட்டை ஓட்டிப்போன வீடும் அடுப்பை எரிய வைத்த வீடும் ஒன்றாகவே இருந்துவிட்டதால், நான் கேட்கக் கிளம்பிய அந்த நாலு வார்த்தையை இன்னும் யாரிடமும் கேட்காமல் வைத்திருக்கிறேன்.