ஏழாவது சீட்டு

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு எதையும் முன்கூட்டியே வாங்கக் கூடாது. ஒரு குல்லாய், ஒரு பால்புட்டிகூட ஆகாது. வாங்கினால் கண் பட்டுவிடும் என்பார்கள். அதனால் பிள்ளைக்கென்று எதையாவது சேர்ப்பதென்றால் காசாகத்தான் சேர்க்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில், தஞ்சோங் ரம்புத்தானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த நானும் அப்படித்தான் சேர்த்தேன், அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டின்னில்.

எனக்கு அது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை தோட்டத்து லோரியில் பிறந்தது. வலி எடுத்த அன்று டவுனிலிருந்து டாக்சி வரவழைக்கக் கையில் காசில்லை. பால் ஏற்றும் லோரியில் சாக்கு விரித்து என்னைப் படுக்க வைத்தார்கள். செம்மண் பாதையின் பாதியில் பிறந்தாள். தார் ரோட்டை எட்டுவதற்குள் போய்விட்டாள். ஒரு பதினைந்து வெள்ளி இருந்திருந்தால் என்று அதற்குப் பிறகு நான் நினைக்காத நாள் கிடையாது.

இரண்டாவது முறை நாள் தள்ளியதும் நான் முதலில் செய்த வேலை கணக்குப் போட்டதுதான். டாக்சிக்குப் போக வர முப்பது. பிள்ளை பெற்ற உடம்புக்கு மருந்து, கோழி. எனக்குப் பால் ஊறாவிட்டால் பால் டின். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலைக்குப் போக முடியாத மாதத்தின் சாப்பாடு. இருநூறு வெள்ளி இருந்தால் தலை நிமிர்ந்து பெறலாம் என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவர், சம்பளத்தை அப்படியே என்னிடம் கொடுத்துவிடுகிற மனிதர். சிகரெட்டை அவராகவே நிறுத்தினார். எனக்கோ மசக்கையில் நாக்கு அசாம் லக்சா, அசாம் லக்சா என்று அந்தப் புளிப்பு நூடுல்ஸுக்கு அடித்துக்கொண்டது. டவுனுக்குப் போன அன்றும் அந்தக் கடைப் பக்கம் திரும்பாமல் பஸ் ஏறி வந்தேன்.

அந்த நேரத்தில் கங்காணியின் மனைவி ஒரு கூட்டு ஆரம்பித்தார். பத்துப் பெண்கள், ஆளுக்கு மாதம் இருபது வெள்ளி. சம்பளத்தன்று எல்லோரும் கட்டும் இருநூறும் அந்த மாதத்துக்காரிக்குப் போகும். யாருக்கு எந்த மாதம் என்று சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். எனக்குக் கடைசிச் சீட்டு, பத்தாவது. என் பிள்ளை அதற்கு முன்னாலேயே பிறந்துவிடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏழாவது சீட்டு எதிர்வீட்டு அக்காவுக்கு விழுந்திருந்தது. அவர் புருஷன் மரலோரி ஓட்டுபவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். நாலு வயதில் ஒரே மகன். அக்கா என் முகத்தைப் பார்த்தார், தன் சீட்டை என் மடியில் போட்டார்.

"இந்தா, நீ ஏழாவது எடுத்துக்க. எனக்கு என்ன அவசரம்? பத்தாவது எனக்கு இருக்கட்டும்லா."

"நெசமாவாக்கா?"

"பொறக்கப் போற புள்ளைக்கு நான் குடுக்குற சீரு. மொதச் சட்டையும் என் மவனோடதுதான். பழசு போட்டாத்தான் புள்ள நிக்கும்."

அதுவும் எங்கள் வழக்கம்தான். முதல் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்கு, நன்றாக வளரும் வேறொரு பிள்ளையின் பழைய சட்டையைத்தான் முதலில் போடுவார்கள். அக்கா அதை அன்றே சொல்லிவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏழாவது மாதச் சம்பளத்தன்று இருநூறு வெள்ளி என் கைக்கு வந்தது. எனக்கு அப்போது ஒன்பது மாதம். டின்னை மூடி, மேலே ஒரு துணியைச் சுற்றி, பானைக்குப் பின்னால் தள்ளினேன். தினமும் இரண்டு முறையாவது எடுத்து எண்ணிப் பார்த்தேன். காசு குட்டி போடாது என்று வீட்டுக்காரர் கேலி செய்தார்.

மூன்று வாரம் போயிருக்கும். அக்காவின் மகனுக்குக் காய்ச்சல். தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸர் மருந்து கொடுத்தார். இரண்டாவது நாளும் இறங்கவில்லை. பிற்பகலில் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலை சீவியிருக்கவில்லை.

"தங்கச்சி, புள்ள கண்ணே தொறக்க மாட்டேங்குறான். டாக்சி வச்சு ஈப்போ டாக்டர்கிட்ட கொண்டு போவணும். அவர் வர்றதுக்கு இன்னும் நாலு நாளு ஆகும். மாசக் கடைசி, யாருகிட்டயும் இல்ல. அந்தக் கூட்டுக் காசுல ஒரு அம்பது குடு. சம்பளத்துக்குத் தந்துர்றேன்."

எனக்கு அன்று காலையிலிருந்தே இடுப்பு வலித்துக்கொண்டிருந்தது. கண்ணில் அந்தப் பால் லோரிதான் நின்றது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று எங்கள் அம்மா சொல்வார். அந்தப் பழமொழியை நான் மனதுக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

"எனக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குக்கா. சாதாக் காய்ச்சல்தானே, டிரெஸ்ஸர் சொல்லிட்டாரே. இந்தாங்க, இதை வச்சுக்குங்க."

நான் கொடுத்தது பத்து வெள்ளி. அக்கா அதை வாங்கிக்கொண்டார். ஏழாவது சீட்டு யாருடையது என்று அவர் ஞாபகப்படுத்தவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பயந்தாவது மீதியைக் கொடுத்திருப்பேன். அவர் திட்டத் தெரியாதவர்.

மறுநாள் விடியும்போது பையனுக்குக் கைகால் வெட்டி இழுத்தது. அக்கா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ரோடுவரை நடந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்களாம். இரண்டாம் நாள் போய்விட்டான். முந்தின நாளே கொண்டு வந்திருந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதாக, கூடப் போனவர்கள் வந்து சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் தூங்குகிறேன். சில ராத்திரிகளில் அதுவும் உதவாது.

அந்தச் சாவு வீட்டுக்கு நான் போகவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி போகக் கூடாது என்று எல்லோரும் தடுத்தார்கள். உண்மையைச் சொன்னால், அவர்கள் தடுத்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

அடுத்த வாரம் எனக்கு வலி எடுத்தது. தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி ஈப்போவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தன் காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போனார், எண்ணெய்க் காசுகூட வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டியது சில வெள்ளிதான். ஆண் பிள்ளை. பாலும் தாராளமாக ஊறியது. வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தால் காசு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. எண்ணாமலேயே மூடி வைத்தேன்.

சம்பளத்தன்று அக்கா கங்காணி வீட்டில் அந்த மாதக் கூட்டுக் காசு இருபதைக் கட்டினார். பிறகு எங்கள் வாசலுக்கு வந்து, உள்ளே கால் வைக்காமல், பத்து வெள்ளியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று இவர் பின்னாலேயே ஓடினார். கடன் கடன்தான் தம்பி என்றாராம். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

முப்பதாம் நாள் பேர் வைத்தோம். முதல் சட்டைக்கு வேறொரு வீட்டில் பழசு வாங்கிப் போட்டாயிற்று. அக்காவை நான் கூப்பிடவில்லை. சனமெல்லாம் கலைந்த பிறகு அவராகவே வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"தீவாளிக்குன்னு தவணைத் துணிக்காரர்கிட்ட வாங்கினது. அவன் போடவே இல்ல, தங்கச்சி. தோசமில்ல. பெரிசாத்தான் இருக்கும். வளந்தா போடட்டும்."

நீலக் கட்டம் போட்ட சட்டை. காலரில் மடிப்புக் கலையாமல் குண்டூசி குத்தியிருந்தது. வாங்கிக்கொண்டேன். அவர் பிள்ளையைத் தொடாமல், எட்ட நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனார். சட்டையைப் பிஸ்கட் டின்னுக்குள் காசோடு வைத்து மூடினேன்.

பத்தாவது மாதம் அக்கா தன் கூட்டை எடுத்தார். எடுத்த வாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு, புருஷனோடு தாப்பா பக்கம் போய்விட்டார். கொஞ்ச காலத்தில் தோட்டத்தையும் விற்றார்கள். நாங்கள் ஜெலாப்பாங்குக்கு வந்து தொழிற்சாலை வேலையில் சேர்ந்தோம். என் மகனுக்கு நாலு வயதான தீபாவளிக்கு அந்தச் சட்டையை எடுத்து, அவன் முதுகில் வைத்து அளந்து பார்த்தேன். தைத்து வைத்த மாதிரி பொருந்தியது. போட்டுவிட மட்டும் மனம் துணியவில்லை. பயம்தான். மறுபடியும் மடித்து வைத்துவிட்டேன். அடுத்த வருடம் சின்னதாகிவிட்டது.

அவனுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, தாப்பா பஸ் நிலையத்தில் நின்றிருந்தோம். காய்கறிப் பையோடு ஒரு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. குரலைக் கேட்டதும்தான் தெரிந்தது. அக்காவுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை என்று பேச்சில் புரிந்துகொண்டேன். என் மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தச் சட்டை சரியா இருந்துச்சா தங்கச்சி?"

"ரொம்பச் சரியா இருந்துச்சுக்கா. தீவாளிக்குப் போட்டான். அழகா இருந்தான்."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அப்போது என் மகன் என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"எந்தச் சட்டைம்மா? நான் போடலயே. டின்னுக்குள்ள இருக்கே, நீலச் சட்டை, அதுவா? அதைத் தொடக் கூடாதுன்னு அடிச்சியே!"

அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து, அவனை முதல் முறையாகத் தொட்டு, தலைமுடியைக் கோதிவிட்டார்.

"நீ அப்ப சின்னப் புள்ளலா, ஐயா. போட்டது உனக்கு ஞாபகம் இருக்காது" என்றார்.