ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க!

எங்கள் வீட்டுக்கு ஒருவழியாக டெலிபோன் வந்துவிட்டது. விண்ணப்பம் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து கிடைத்த கறுப்புப் போன். இனி நிம்மதி என்று நினைத்தேன். ரயில் லேட்டானால் வீட்டுக்குச் சொல்லிவிடலாம். எல்லோரும் சௌக்கியம்தானா என்று ஆபீஸிலிருந்து மத்தியானம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம்...

என்னை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். நான் பூட்டைப் பூட்டிவிட்டு, அதைப் பிடித்துத் தொங்கிப் பார்க்கிற ரகம். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் குரோம்பேட்டை பிளாட்பாரம் வரை போய்விட்டு சிட்லபாக்கத்து வீட்டுக்குத் திரும்பி நடந்தவன். "உங்களுக்குக் கவலைப்பட ஒண்ணும் இல்லைன்னா, ஏன் இல்லைன்னு கவலைப்படுவீங்க" என்பாள் என் மனைவி சரோஜா.

போன் வந்த பிறகுதான் தெரிந்தது — என் கவலை போதாதென்று, தெருவின் கவலையெல்லாம் இனி என் ஹாலுக்குத்தான் வரப்போகிறது! அக்கம்பக்கத்தில் எல்லோரும் எங்கள் நம்பரைத்தான் 'பி.பி.' நம்பர் என்று உறவினர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மணி அடிப்பது எங்கள் வீட்டில்; பேச வேண்டியது அவர்கள். நடுவில் ஓடிப்போய்க் கூப்பிட வேண்டியது நான்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சருக்கு வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஒரே மகன் ராபின், என்ஜினீயரிங் படிக்கிறான்.

போன சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. எடுத்தேன். யாரோ ஒரு பையன், மூச்சு வாங்கியபடி பேசினான்.

"சார், ராபின் அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க சார். கோவளம் வந்தோம்... இப்ப ஆஸ்பத்திரில இருக்கோம்..."

"என்னப்பா ஆச்சு?"

லைன் கட்.

கோவளம் என்றால் கடல். கடல் என்றால்... பெற்றவளிடம் இதை எப்படிப் போய்ச் சொல்வது? எங்கள் கேட்டுக்கும் அவர் கேட்டுக்கும் நடுவே ஒரு வேப்பமரம்தான். அதைத் தாண்டுவதற்குள் என்ன முகத்தோடு போவது என்று பலவிதமாக யோசித்து, கடைசியில் சிரித்த முகமாகப் போவது என்று முடிவு செய்தேன்.

டீச்சர் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், உங்களுக்கு போன். ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க!"

அவர் கையிலிருந்த ஈரத்துணி மண்ணில் விழுந்தது. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லையே சார்?" என்றார்.

தமிழில் இதைவிட பயங்கரமான வாக்கியம் இருக்கிறதா, சொல்லுங்கள். நிஜமாகவே ஒன்றும் இல்லையென்றால், அதை ஒருவர் மெனக்கெட்டு வந்து சொல்வாரா? டாக்டர் சொன்னாலும் சரி, மேனேஜர் சொன்னாலும் சரி, கேட்டவர் அந்த நிமிஷமே பயப்பட ஆரம்பித்துவிடுகிறார்.

டீச்சர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். நான் கேட்டதை அப்படியே சொன்னேன்.

"கடல்ல இறங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனான் சார்..."

ஸ்டூல் மேலிருந்த போனையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். உதடுகள் மட்டும் ஜெபத்தில் அசைந்தன. சரோஜா தெருமுனைக்குப் போய் ஆட்டோ கூட்டி வந்தாள்.

"எந்த ஆஸ்பத்திரி? இன்னா பேருன்னு சொல்லு சார், உடனே போலாம்" என்று வாசலில் நின்று அவசரப்படுத்தினார் ஆட்டோக்காரர்.

அதுதானே தெரியவில்லை!

என்னால் சும்மா உட்கார முடியுமா? ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. வைத்தேன். இதற்குள் லைன் போயிருந்தால்? மறுபடி எடுத்தேன். ஆஸ்பத்திரி நம்பர் கேட்கலாமென்று டைரக்டரி என்கொயரிக்குச் சுழற்றினேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. விடாமல் காதில் வைத்திருந்தேன். அப்புறம் கேளம்பாக்கத்தில் ஒரு நண்பரின் கடைக்கு. அப்புறம் மறுபடி என்கொயரி. நடுநடுவே டயல் டோன் பரிசோதனை வேறு. என் பனியன் தெப்பமாக நனைந்துவிட்டது. டீச்சரின் முகத்தைப் பார்க்கவே தைரியம் இல்லை. மஸ்கட்டுக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்றுகூட என் பாழாய்ப்போன மனசு யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

"என்னங்க, முதல்ல அதைக் கீழே வைங்க" என்றாள் சரோஜா. "நீங்க கையில வெச்சுக்கிட்டே இருந்தா, அவங்க எப்படிப் பேசுவாங்க?"

வைத்தேன். வைத்த கையை எடுப்பதற்குள் மணி அடித்தது.

டீச்சர் பாய்ந்து எடுத்தார். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. ராபின்!

"அம்மா, எவ்ளோ நேரமா ட்ரை பண்றேன்! என்கேஜ்டாவே இருக்கு. அங்கிள் யார்கூடம்மா இவ்ளோ நேரம் பேசறார்?"

மணலில் கிடந்த உடைந்த பாட்டில் காலைக் கிழித்து, தையல் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். கடலில் இறங்கவே இல்லையாம். டீச்சர் முதலில் அழுதார். அப்புறம் திட்டினார். அப்புறம், "செப்டிக் ஊசி போட்டாங்களாடா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி பெயரைக் கேட்டுக்கொண்டு சரோஜாவோடு ஆட்டோவில் ஏறும்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். இனிமே எனக்கு போன் வந்தா சரோஜா அக்காவை அனுப்புங்க. நீங்களே வர்றதா இருந்தா... தயவுசெஞ்சு சிரிக்காம வாங்க."

ஆட்டோ போன பிறகு அந்த போனுக்கு எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 'நல்லாத்தாம்மா இருக்கேன்' என்று சொல்ல அந்தப் பிள்ளை தவித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், குறுக்கே நின்றது என் பயம்தான். வெட்கமாக இருந்தது. இத்தனை வயதுக்குள் எத்தனை நல்ல செய்திகள் என்னிடம் இப்படி என்கேஜ்டு டோன் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயினவோ?

இனிமேல் பயப்பட மாட்டேன் என்றெல்லாம் சத்தியம் செய்யப் போவதில்லை. அது என்னால் ஆகாது. பயந்துகொள்கிறேன் — ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு.